கோல்டு கார்டா, போர்டிங் பாஸா: ஏர்லைன் மாறுவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன வாரம் இன்பாக்ஸுக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் சென்னையில் ஐடி வேலை பார்க்கிறார். மாசத்துக்கு ரெண்டு தடவை டெல்லி போய் வருவார். விஸ்தாரா இருந்த காலத்தில் கஷ்டப்பட்டு கோல்டு வாங்கி வெச்சிருந்தார். 2024 நவம்பர் 12-ஆம் தேதி விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணைஞ்சதும் அவருடைய கார்டு மஹாராஜா கிளப் கோல்டா மாறிடுச்சு. ஆஃபீஸ்ல பாதிப் பேர் இண்டிகோவுக்குப் போயிட்டாங்களாம். "அண்ணா, இருக்கறதா, தாவுறதா?" இதுதான் கேள்வி.

நானும் அடிக்கடி ஏர்போர்ட்ல காத்திருக்கிற ஆள்தான். அதனால இந்தக் கணக்கை உட்கார்ந்து முழுசா போட்டுப் பார்த்தேன். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். இதுவரை எவ்வளவு சேர்த்தீங்க என்பதை ஓரமா வைங்க. அடுத்த 12 மாசம் எங்கெங்க பறக்கப் போறீங்க என்பதை மட்டும் எடுத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க. ஏன் அப்படி என்பதுதான் இந்த எபிசோட்.

இந்த பாயிண்ட் எதுக்குக் கொடுக்கறாங்க?

அமெரிக்காவில் 1978 வரைக்கும் எந்த ரூட்ல யார் பறக்கணும், டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் அரசாங்கமே முடிவு செய்தது. அந்த வருஷம் அந்தக் கட்டுப்பாட்டை எடுக்கச் சட்டம் வந்தது. உடனே விலைப் போர் ஆரம்பிச்சது. எல்லார்கிட்டயும் அதே மாதிரி விமானம், அதே மாதிரி சீட். அப்புறம் கஸ்டமரை எதை வெச்சுப் பிடிச்சு வைக்கிறது?

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. சில நாளிலேயே யுனைடெட் தன்னுடைய 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தோடு வந்து நின்றது. பறக்கிற ஒவ்வொரு மைலுக்கும் கணக்கு, போதுமான அளவு சேர்ந்தா இலவச டிக்கெட். காலியா போகிற சீட்டைக் கொடுக்கிறதால கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை. வாங்குறவருக்கோ அது பெரிய பரிசு.

அப்போ தூரம்தான் கணக்கு. இப்ப அப்படி இல்லை. 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும், எவ்வளவு தூரம் பறந்தீங்க என்பதை விட்டுட்டு எவ்வளவு பணம் கொடுத்தீங்க என்று பார்த்து மைல் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஏர் இந்தியாவும் 2024-ல் அந்தப் பக்கம் வந்தது. மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணி மலிவு டிக்கெட்ல போறவருக்குக் கொஞ்சமாத்தான் சேரும். நாளைக்கு மீட்டிங், இன்னைக்கு நைட்டு கிளம்பணும் என்று கம்பெனி காசில் பறக்கிறவருக்கு நிறையச் சேரும். நீங்க இந்த ரெண்டு பேர்ல யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

பாயிண்ட் வேற, ஸ்டேட்டஸ் வேற

இந்த ரெண்டையும் நாம எப்பவும் குழப்பிக்கிறோம். பாயிண்ட் என்பது செலவு பண்றதுக்கு. டிக்கெட் வாங்கலாம், அப்கிரேடு கேட்கலாம். ஸ்டேட்டஸ் என்பது சில்வர், கோல்டு, பிளாட்டினம் மாதிரியான படிநிலை. சீக்கிரம் ஏறலாம், கூடுதல் பெட்டி கொண்டு போகலாம், லவுஞ்சில் உட்காரலாம். பாயிண்ட்டை எடுத்து வெச்சுக்கலாம். ஸ்டேட்டஸை அப்படி வைக்க முடியாது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாட்டாலும், கெடு முடிஞ்சா திரும்பத் தகுதி காட்டணும்.

மாறும்போது பாயிண்ட் பெரும்பாலும் கூட வராது. ஸ்டேட்டஸ் சில சமயம் வரும். எப்படின்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இந்தப் பணத்தை அச்சடிக்கிறவர் யார்?

2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. யுனைடெட் தன்னுடைய மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானமா வெச்சுக் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்துக்கு அவங்க போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில் அப்போ மொத்தக் கம்பெனிக்கே அவ்வளவு மதிப்பு இல்லை! டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை வெச்சு 900 கோடி டாலர் திரட்டியது.

ஏன் இவ்வளவு மதிப்பு? ஏன்னா பாயிண்ட்டை ஏர்லைன்கள் பேங்குக்கு விக்கிறாங்க. உங்க கிரெடிட் கார்டைத் தேய்ச்சா பாயிண்ட் வருது இல்லையா? அதுக்கு பேங்க், ஏர்லைனுக்கு நிஜப் பணம் கொடுக்குது. ஆக, பாயிண்ட் என்பது ஏர்லைன் அச்சடிக்கிற பணம். அதோட ரிசர்வ் பேங்கும் அவங்கதான். இன்னைக்கு 10,000 பாயிண்ட்டுக்குக் கிடைக்கிற சீட்டு நாளைக்கு 15,000 ஆகலாம். அதுக்கு உங்ககிட்ட அனுமதி கேட்க மாட்டாங்க.

2023 செப்டம்பரில் டெல்டா தன் ஸ்டேட்டஸ் விதிகளையும் லவுஞ்ச் விதிகளையும் ரொம்பக் கடுமையாக்கியது. வாடிக்கையாளர்கள் கொதிச்சதும் அடுத்த மாசமே சில மாற்றங்களைத் தளர்த்தியது. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் செலவை வெச்சு ஸ்டேட்டஸ் கொடுக்கிற முறைக்கு மாறியது. ஆட்டம் நடக்கும்போதே விதி மாறுகிற ஆட்டம் இது.

நம்ம ஊர்ல இன்னும் மோசமான உதாரணங்கள் உண்டு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. ஜெட்டின் 'ஜெட்பிரிவிலேஜ்' திட்டம் மட்டும் பிழைச்சது. ஏன்னா அது தனிக் கம்பெனி, அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு எத்திஹாட்டிடம் இருந்தது. பிறகு 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறியது. பாயிண்ட் மிஞ்சியது, ஆனா அந்த ஏர்லைனில் ஏற விமானம் இல்லை.

அதனால நான் நண்பர்கள்கிட்ட சொல்றது: பாயிண்ட்டை ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி பார்க்காதீங்க. கையில் பிடிச்ச ஐஸ்கிரீம் மாதிரி பாருங்க. சீக்கிரம் சாப்பிடணும்.

இப்ப நம்ம முன்னால் இருக்கிற ரெண்டு கதவு

உள்நாட்டுப் பயணத்தில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில்தான் போறாங்க. ஏர் இந்தியா குழுமத்துக்குக் கிட்டத்தட்ட கால்வாசி. மதுரை, கோயம்புத்தூர், தூத்துக்குடி பக்கம் அடிக்கடி போறவங்களுக்கு இது இன்னும் நல்லாத் தெரியும். நமக்கு வேண்டிய நேரத்துக்கு இருக்கிற ஃப்ளைட் பெரும்பாலும் நீல வாலோடதான் நிக்கும்.

இண்டிகோ ரொம்ப வருஷமா இந்த மாதிரி திட்டமே வேண்டாம்னு இருந்தது. 2024 ஆகஸ்டில்தான் ப்ளூசிப் திட்டத்தை அறிவிச்சது. அதோட பலம், விமானங்களின் எண்ணிக்கை. அதோட குறை, ஸ்டார் அலையன்ஸ் மாதிரியான பெரிய கூட்டணி எதிலும் இண்டிகோ இல்லை.

ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸில் இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ், டர்கிஷ், யுனைடெட் எல்லாம் அதே கூட்டணி. மஹாராஜா கிளப் கோல்டு இருந்தா அந்தக் கூட்டணி முழுக்க கோல்டு. எகானமி டிக்கெட்ல போனாலும் வெளிநாட்டு ஏர்போர்ட்ல லவுஞ்ச் உண்டு, கூடுதல் பெட்டி உண்டு. விஸ்தாரா எந்தக் கூட்டணியிலும் இல்லாததால், விஸ்தாரா கோல்டுக்கு இந்த வசதி இருந்ததில்லை. அதாவது, நம்ம நண்பர் கையில் இருக்கிற கார்டு முன்னைவிட இப்ப அதிக மதிப்புள்ளது. அவர் வெளிநாடு போனால் மட்டும்!

வாங்க, கணக்குப் போடுவோம்

மாசம் ரெண்டு தடவை டெல்லி போய் வந்தா வருஷத்துக்கு 48 ஃப்ளைட். தன் ஏர்லைனுக்காக ஒவ்வொரு தடவையும் சராசரியா ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கார்னு வெச்சுக்குவோம். மொத்தம் 48 மணி நேரம். ரெண்டு முழு நாள் ஏர்போர்ட் நாற்காலியில் போச்சு.

அடுத்து சொந்தக் காசு. குடும்பத்தோட ஊருக்குப் போக வருஷத்துக்கு 6 டிக்கெட் வாங்குறார். கார்டுக்காக ஒவ்வொண்ணுக்கும் 1,200 ரூபாய் அதிகம் கொடுத்தா 7,200 ரூபாய்.

இப்ப வரவு என்ன? லவுஞ்ச். ஆனா அதை அவர் கிரெடிட் கார்டே கொடுக்குது. கூடுதல் பெட்டி. அவர் போறது லேப்டாப் பையோட. முன்னுரிமை வரிசை. பத்து நிமிஷம் மிச்சம், அப்புறம் ஏரோபிரிட்ஜில் எல்லாரோடயும் சேர்ந்துதான் நிக்கணும். சேர்த்த பாயிண்ட்டுக்கும் மதிப்புப் போடலாம். ஒரு டிக்கெட் 6,000 ரூபாய், பாயிண்ட்ல எடுத்தா 10,000 பாயிண்ட்டோட வரி 1,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மிச்சமாகிறது 5,000 ரூபாய். அப்போ ஒரு பாயிண்ட்டின் மதிப்பு 50 பைசா. நீங்க நிஜமா வாங்கப் போற டிக்கெட்டை வெச்சு இதே கணக்கை ரெண்டு திட்டத்துக்கும் போடுங்க. விளம்பரத்துல வர்ற எண்ணை நம்பாதீங்க.

டெல்லி மட்டும்தான் என்றால் அவர் நஷ்டத்தில் இருக்கார். நேரத்துக்குத் தோதா எந்த விமானம் இருக்கோ அதில் ஏறணும். அது பெரும்பாலும் இண்டிகோவா இருந்தா ப்ளூசிப் தானா சேரும்.

ஆனா நான் அவரிடம் திருப்பிக் கேட்டதும் ஒரு விஷயம் சொன்னார். அடுத்த வருஷம் அவருக்கு ஜெர்மனி பிராஜக்ட். சென்னையில் இருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேராப் போகுது. மூணு நாலு தடவை போய் வரணும். அவ்வளவுதான், மொத்தக் கணக்கும் தலைகீழா மாறிடுச்சு. அதே கோல்டு கார்டு இப்ப பெட்டிக்கும், காத்திருப்புக்கும், இணைப்பு விமானம் தவறினா உதவி கேட்கவும் நிஜமாப் பயன்படும். கார்டு மாறலை, அவர் பறக்கிற பாதைதான் மாறியது.

மாறுவதென்றால் எப்படி மாறுறது?

ஒண்ணு, ஸ்டேட்டஸ் மேட்ச். போட்டி ஏர்லைனில் இருக்கிற கார்டைக் காட்டினா, புது ஏர்லைன் அதுக்குச் சமமான நிலையைக் கொஞ்ச காலத்துக்குக் கொடுக்கும். சில இடத்துல 'சேலஞ்ச்' என்று வைப்பாங்க. மூணு மாசத்துக்குள்ள இத்தனை ஃப்ளைட் பறந்தா அந்த நிலை உங்களுடையது. எல்லா ஏர்லைனும் எப்பவும் தர்றதில்லை. பல இடத்துல ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அதனால அதிகமாப் பறக்கப் போற மாசங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி கேளுங்க. சும்மா இருக்கிற மாசத்துல கேட்டு வீணாக்காதீங்க.

ரெண்டு, பழைய கார்டு காலாவதியாகறதுக்கு முன்னாடியே மேட்ச் கேளுங்க. செல்லுபடியாகிற கார்டுதான் பேரம் பேசும்.

மூணு, பழைய பாயிண்ட்டைச் செலவழிச்சிட்டுக் கிளம்புங்க. அக்கவுண்ட்டை மூட வேண்டாம், சும்மா இருக்கட்டும்.

நாலு, கூட்டணிக்குள்ளேயும் தேர்வு இருக்கு. ஏர் இந்தியாவில் பறந்துட்டு, மைலைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் சேர்க்கலாம். அங்கே மைலுக்கு மூணு வருஷ ஆயுள் என்று தெளிவா இருக்கு. சிங்கப்பூர் அடிக்கடி போறவங்க யோசிக்கலாம். ஆனா ஒரு பயணத்தை ஒரே கணக்கில்தான் சேர்க்க முடியும்.

வருஷக் கடைசி வியாதி

மார்ச்சோ டிசம்பரோ, கெடு நெருங்கும்போது ஒரு பதற்றம் வரும். "இன்னும் ரெண்டு ஃப்ளைட் போனா கோல்டு தங்கிடும்." என் ஃபிரண்ட் ஒருத்தி இதுக்காகவே ஒரு சனிக்கிழமை ஹைதராபாத் போய் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராமலே திரும்பினா. அவகிட்ட நான் கேட்டேன்: "இந்த கார்டை உனக்கு யாராவது இப்ப விலைக்குக் கொடுத்தா எவ்வளவு கொடுப்பே?" ரொம்ப யோசிச்சு, "மூவாயிரம்" என்றாள். அந்த சனிக்கிழமைக்கு ஆன செலவு அதைவிட அதிகம். நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. இதுவரை பறந்ததுக்கான செலவு திரும்பி வராது. இனிமே செலவு பண்ணப் போறதுதான் உங்க கையில் இருக்கு.

இன்னொண்ணு, கொஞ்சம் சங்கடமான விஷயம். டிக்கெட் காசு கம்பெனியுடையது, பாயிண்ட் நம்முடையது. பாயிண்ட்டுக்காக 4,000 ரூபாய் கூட இருக்கிற டிக்கெட்டை ஆஃபீஸ் கணக்கில் எடுக்கிறது, நம்ம பரிசுக்கு வேற ஒருத்தரைப் பில் கட்ட வைக்கிற வேலை. அமெரிக்காவில் இந்தத் திட்டங்கள் வளர்ந்ததுக்கு இந்த ஆசையும் ஒரு காரணம். உங்க கம்பெனியின் டிராவல் பாலிசியைப் படிங்க. விலையும் நேரமும் சமமா இருந்தா உங்க விருப்பப்படி எடுங்க, அதில் தப்பில்லை.

கடைசியா, யாரையும் முழுசா நம்பி ஒரே கூடையில் எல்லாத்தையும் போடாதீங்க. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்களை ரத்து செய்தது. அன்னைக்கு எந்தக் கார்டு வெச்சிருந்தாலும், இல்லாத விமானத்தில் ஏற முடியாது. ரெண்டு பக்கமும் இலவச அக்கவுண்ட் வெச்சிருங்க.

இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, அடுத்த வருஷம் நிச்சயமாப் போகப் போற ஊர்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பக்கத்துலயே, அந்த ரூட்ல உங்க நேரத்துக்கு எந்த ஏர்லைன் இருக்குன்னு குறிச்சுக்கோங்க. எந்தப் பெயர் அதிகமா வருதோ அந்தத் திட்டத்தில் இருங்க. ரெண்டும் சரிசமமா வந்தா, விலை குறைஞ்ச டிக்கெட்டை எடுங்க. உங்க லிஸ்ட்ல குழப்பம் இருந்தா எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம்.