சந்தைக்கு விடுமுறை

2024-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி மகாராஷ்டிரத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அன்று நம் நண்பர் ஒருவர் வாடிய முகத்துடன் நம்மிடம் வந்தார். மகளின் கலாசாலைச் சம்பளத்துக்காக முதல் நாள் சில பங்குகளை விற்றிருந்தார். மறுநாளே பணம் கைக்கு வரும் என்பது அவர் போட்ட கணக்கு. தேர்தலை முன்னிட்டு மார்க்கெட் மூடியிருந்தது, பணமும் வரவில்லை. "ஓட்டுப் போடுகிறவன் மும்பைக்காரன், அபராதம் கட்டுகிறவன் மயிலாப்பூர்க்காரனா?" என்று அவர் கேட்டபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

சென்னையிலும் ஒரு காலத்தில் பங்குச் சந்தை இருந்தது. 1937-ல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனம் 2015-ல் விடைபெற்றுக் கொண்டது. இன்று நம்மவர் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் மும்பையில் உள்ள இரண்டு சந்தைகளின் மூலமாகத்தான். ஆகவே அவ்வூர்ப் பஞ்சாங்கமே நமக்கும் பஞ்சாங்கம். நமக்குப் பொங்கல் என்பதற்காக அங்கே கதவடைப்பதில்லை. மகாராஷ்டிர தினமான மே முதல் தேதியன்று நாடு முழுவதும் பங்கு வியாபாரம் நின்றுவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 2023 ஜனவரி முதல், விற்ற பங்குக்கு அடுத்த வேலை நாளில் பணம் தீர்க்கும் முறை முழுமையாக அமுலுக்கு வந்திருக்கிறது. ஆனால் சந்தை நடந்தும் பாங்கிகள் மூடியிருக்கும் நாட்களும் உண்டு. அன்று விற்கலாம், வாங்கலாம். பணமும் பங்கும் கை மாறுவது மட்டும் நடக்காது.

பெரிய வெள்ளிக்கிழமையை எடுத்துக் கொள்வோம். வியாழனன்று விற்றவருக்கு வெள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமைதான் பணம் தீர்க்கப்படும். தரகரிடமிருந்து அது நம் பாங்கிக் கணக்குக்கு வர மேலும் ஒரு நாள் ஆனாலும் ஆகலாம். சனிக்கிழமை சம்பளம் கட்ட வேண்டியவர் செவ்வாய்க்கிழமையே விற்றுவிடுவது விவேகம்.

பணம் தாமதிப்பது ஒரு சங்கடம். விலை மாறுவது அதைவிடப் பெரிய சங்கடம். மும்பையில் கதவு மூடியிருக்கும் போது நியூயார்க்கும் லண்டனும் விழித்திருக்கின்றன. அங்கே நேர்ந்தவையெல்லாம் சேர்ந்து, கதவு திறந்தவுடன் ஒரே மூச்சில் விலையில் இறங்குகின்றன. "95 ரூபாய்க்கு இறங்கினால் விற்றுவிடு" என்று முன்கூட்டி உத்தரவிட்டிருந்தாலும், பங்கு 88-ல் திறந்தால் 95 யார் கொடுப்பார்கள்?

2001 செப்டம்பர் 11-ல் நேர்ந்த கோரத்துக்குப் பின் நியூயார்க் சந்தை 17-ந் தேதிதான் திறந்தது. அன்று ஒரே நாளில் டவ் ஜோன்ஸ் குறியீடு 684 புள்ளிகள், அதாவது நூற்றுக்கு ஏழுக்குச் சற்று அதிகமாக, விழுந்தது. உலக யுத்தம் மூண்ட 1914-ல் லண்டன் சந்தை ஜூலை 31-ந் தேதி மூடப்பட்டு, மறு வருஷம் ஜனவரி 4-ந் தேதிதான் கதவைத் திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து மாதம்! பெட்டியிலே பத்திரம் இருந்தும் சந்தையிலே விற்க வழியில்லாமல் தவித்தவர்களின் நிலையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இதனால் விடுமுறையைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது நம் அபிப்பிராயமல்ல. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு நீண்ட விடுமுறை நீண்ட கவலைதான். சந்தை தூங்கினாலும் வட்டி தூங்குவதில்லை. சொந்தப் பணத்தில், பத்து வருஷம் பொறுக்கும் எண்ணத்துடன் நல்ல கம்பெனிப் பங்கை வாங்கி வைத்திருப்பவருக்கோ அது சாதாரணமான ஒரு வெள்ளிக்கிழமை. அன்றும் ஆலை ஓடுகிறது, சரக்கு விற்கிறது.

பண்டிகை விடுமுறையிலும் சந்தைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. தீபாவளி லக்ஷ்மி பூஜையன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டும் 'முகூர்த்த வியாபாரம்' நடக்கும். பலர் சாஸ்திரத்துக்காக ஒன்றிரண்டு பங்கு வாங்கி வைப்பார்கள். அது மங்களகரமான வழக்கம். ஆனால் முகூர்த்தம் மட்டும் லாபம் தந்துவிடாது.

வருஷ ஆரம்பத்திலேயே விடுமுறைப் பட்டியல் வெளியாகிவிடுகிறது. வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதிகளைக் குறித்து வைப்பது நலம். தேர்தலைப் போல் இடையில் சேரும் நாட்களையும் கவனித்து வரவேண்டும். அதற்கும் மேலாக, இந்த மாதம் அடுப்பெரிய வேண்டிய பணத்தையும், குழந்தை படிக்க வேண்டிய பணத்தையும் சந்தைக்கு அனுப்பாமல் பாங்கியிலேயே வைத்திருப்பதே உத்தமம். நம் நண்பர் அபராதம் கட்டி இந்தப் பாடத்தைக் கற்றார். நேயர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.