அவர்கள் வீட்டுப் படி ஏறினோமா?

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டங்கள் ஒளிவெள்ளத்தில் மூழ்குகின்றன. புதுக்கடையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பங்குமக்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, பிரிந்தோருக்காகக் கண்ணீருடன் மன்றாடுகின்றனர். போற்றற்குரிய வழக்கம். ஆனால், அன்புக்குரிய குடும்பத்தாரே, அக்கல்லறைகளில் துயில்வோர் விட்டுச் சென்ற பிள்ளைகள் இன்று எந்த வீட்டில், யாருடைய பொறுப்பில் வளர்கின்றனர் என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தாலும், அவ்வீட்டுப் படியேறிச் சென்று பார்த்ததுண்டா?

இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

ஐந்து நிமிடக் கடிதம்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி பங்கில்லம் வந்தார். முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து உடைத்து விரல்கள் கறுத்தவர். மகள் நோயுற்று இறந்துவிட்டாள். மருமகனோ பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கோ சென்றுவிட்டார். எட்டாம் வகுப்பில் பேத்தி. ஒன்றாம் வகுப்பில் பேரன். "பிள்ளைகளை ஏதாவதோர் இல்லத்தில் சேர்க்கச் சாமி ஒரு கடிதம் தர வேண்டும்" என்றார். நாமும் தாமதமின்றி எழுதிக் கொடுத்தோம். ஐந்து நிமிட வேலை. ஏழைக்கு உதவிவிட்டோம் என்ற மனநிறைவு வேறு!

அன்று மாலை, பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர் ஒருவர், "சாமி அந்த வீட்டைப் பார்த்ததுண்டா?" என்று மெல்லக் கேட்டார். நாம் பார்த்ததில்லை. மறுநாள் அவருடன் சென்றோம்.

திண்ணையில் அமர்ந்து பேத்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டிக்கு இரு கண்ணிலும் புரை; கல் எது, அரிசி எது எனத் தெரியாது. "எனக்க கண்ணு போயிட்டா இதுகள ஆரு பாப்பா சாமி?" என்றார் அவர். பிள்ளைகளைப் பிரிய அவருக்கு மனமில்லை. அச்சமே அவரைப் பங்கில்லத்துக்கு அனுப்பியிருந்தது. மகளின் இறப்புச் சான்றிதழ் வாங்கப்படவில்லை. குடும்ப அட்டையில் இறந்தவளின் பெயர் அப்படியே இருந்தது. எந்த உதவிக்கும் எவரும் விண்ணப்பிக்கவில்லை.

மூலையில் ஒரு பை இருந்தது. சிறுமி தன் துணிகளையும் தம்பியின் துணிகளையும் அதில் ஒன்றாக மடித்து வைத்திருந்தாள். "தம்பியும் எனக்க கூடத்தானே சாமி இருப்பான்?" என்று கேட்டாள். ஆண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பெண்பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம் என்பதை அறிந்திருந்த நமக்கு நா எழவில்லை. தாயை இழந்த பிள்ளைகளை ஒருவரையொருவர் இழக்கச் செய்ய இருந்தது நமது கடிதம்! அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

சட்டம் சொல்வது

இல்லங்களை நாம் குறை கூறவில்லை. ஆதரிக்க ஒருவருமற்ற குழந்தைகளுக்குத் தாய்மடியாக விளங்கும் இல்லங்கள் பல. எனினும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கருதுகின்றது. அதற்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வேண்டும். பங்குத்தந்தையின் கடிதம் அதற்கு ஈடாகாது. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்தினின்று பிரித்தல் ஆகாது என்பதே 2009-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகளின் கருத்துமாகும்.

குடும்பத்திலேயே வளர உதவித்தொகையும் உண்டு. 2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா நெறிமுறைகளின்படி, உறவினர் வீட்டில் வளரும் அனாதைப் பிள்ளைகளுக்கும், கைம்பெண்களின் பிள்ளைகளுக்கும், கொடிய நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் வழங்க இடமுண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000 ரூபாயையும், பிற இடங்களில் 96,000 ரூபாயையும் மிஞ்சலாகாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆயினும், கண் தெரியாத பாட்டி இதை எங்ஙனம் அறிவார்? அவர் கைபிடித்து அலுவலகத்துக்கு அழைத்துச் செல்பவர் யார்?

பணம் வரும், மனிதர் வருவாரா?

2017 நவம்பர் 30-ஆம் நாளை நம் மாவட்டம் மறக்குமா? ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. உயிரிழந்த மீனவர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் எனத் தமிழக அரசு அறிவித்தது. அந்நாட்களில் கடற்கரை ஊர்களுக்கு ஆறுதல் கூற வந்தோர் எத்தனை எத்தனை பேர்! ஆனால் துயர வீட்டின் நீண்ட இரவு, வந்தோர் அனைவரும் திரும்பிச் சென்ற பிறகே தொடங்குகின்றது.

இதனை நன்குணர்ந்தவர் பிரெடரிக் ஓசானாம். 1833-இல் பாரீசில் தோழர்களுடன் அவர் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது. ஏழைகளின் வீடுகளை எவ்வாறு அணுகுவது என்பதை அம்மாணவர்களுக்குக் கற்பித்தவர் ரொசாலி ராந்து என்னும் அருட்சகோதரி. இருவர் இருவராக வீடு சென்று சந்திப்பதே அன்றுதொட்டு அச்சபையின் உயிர்நாடி. ஆப்பிரிக்காவிலும், எய்ட்ஸ் நோய் எண்ணற்ற பெற்றோரைக் கொண்டுபோன காலத்தில், சிம்பாப்வேயின் முத்தாரே பகுதியில் 1993 முதல் திருச்சபைப் பெண்கள் அனாதைகள் வாழும் வீடுகளை முறையாகச் சந்தித்து வந்தனர். பெரும் செல்வம் படைத்தவரல்லர், அதே கிராமத்தவரே.

புனித யாக்கோபு தம் திருமுகத்தில் அனாதைகளையும் கைம்பெண்களையும் குறித்துப் பேசுமிடத்தில் கையாளும் கிரேக்கச் சொல்லுக்குச் 'சென்று பார்த்தல்' என்பது பொருள். ஆயரைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினின்று கிளைத்ததே. பார்க்காத மேய்ப்பன் மேய்ப்பனாகான் என்பது நமக்குச் சுட்டது.

எவ்வாறு சந்திப்பது?

நம் பங்கில் கற்ற சிலவற்றைக் கூறுவோம். இருவராகச் செல்க, ஒவ்வொரு முறையும் அதே இருவர் செல்க. குறித்த நாள் தவறற்க. எதிர்பார்த்திருந்து ஏமாறும் பிள்ளைக்கு அது இன்னோர் இழப்பாகும். குழந்தையைத் தனியே சந்தியாமல் வீட்டார் காணும் இடத்தில் பேசுக. நிழற்படம் எடுக்கற்க, அவ்வீட்டுச் செய்தியைத் தெருவில் உரைக்கற்க. பிள்ளையின் பள்ளிப்பையை மட்டுமன்றிப் பாட்டியின் மருந்துப் பையையும் பார்க்க. தாங்குபவர் தளர்ந்தால் வீடே தளரும். சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் குறையுள்ளது எது எனக் கேட்டறிக. பிள்ளை அடிக்கப்படுவதாகவோ வேலைக்கு அனுப்பப்படுவதாகவோ ஐயம் எழுந்தால் 1098 என்னும் எண்ணில் அறிவிக்கத் தயங்கற்க.

அவ்வீட்டில் எல்லாம் இனிதே நடந்தன எனக் கூற மாட்டோம். உதவித்தொகை வரப் பல மாதங்கள் ஆயின. "எதற்கு அடிக்கடி வாறிய?" என்று பாட்டி சினந்த நாளும் உண்டு. பையன் இன்றும் வாசிப்பதற்கு இடர்ப்படுகின்றான். ஆயினும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பாட்டி தாமே அரிசியில் கல் பொறுக்குகின்றார். பேத்தி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாலையில் தம்பிக்கு எழுத்துக் கூட்டிக் கற்பிக்கின்றாள், அதே திண்ணையில்.

அன்புக் குடும்பத்தாரே, உங்கள் அன்பியத்தின் எல்லைக்குள் இத்தகைய வீடு ஒன்றேனும் இருக்கும். வரும் நவம்பரில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே வீடு திரும்பாதீர்கள். அந்த வீட்டின் வழியே செல்லுங்கள், சற்றே அமருங்கள். அடுத்த வாரமும் வருவோம் எனக் கூறுங்கள். கூறியபடியே செல்லுங்கள்.