படம் இருக்கிறது, குரல் எங்கே?
வீடியோக் கோப்புகளை மாற்றும்போது வரும் ஒலிக் குறைபாடுகளும் தீர்வுகளும்

இடம்பெயரும் ஒரு குடும்பம் தன்னோடு எடுத்துச் செல்லக்கூடியவை மிகச் சில. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கொஞ்சம் துணிமணி, சில புகைப்படங்கள். இன்று இவற்றோடு கையடக்கத் தொலைபேசியில் உள்ள வீடியோப் படங்களும் சேர்ந்துள்ளன.

எமது மலையக மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டிக் கமம் செய்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் வீடுகளையும் மரக்கறித் தோட்டங்களையும் கொண்டுபோனது. மலையகம் 200 என்ற பெயரில் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றபோது, நமது வரலாற்றை நாமே பதிவுசெய்ய வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் வலுப்பெற்றது.

வயதான தாத்தா ஒருவர், “இந்தக் கல்லிலிருந்து அந்த ஓடை வரை நாங்கள் பயிர் செய்த இடம்” என்று சொல்வதைப் பேரப்பிள்ளை பதிவுசெய்கிறான். அவர் பேசுவது குடும்பத்தின் நினைவு மட்டுமல்ல. பிறகு காணியைப் பற்றிப் பேச நேர்ந்தால் உதவக்கூடிய சாட்சியமும் ஆகும். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் எல்லோரும் பார்க்கலாம் என்று பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், தாத்தாவின் வாய் அசைகிறது, குரல் வரவில்லை. “படம் பழுதாகிவிட்டது” என்று எண்ணிப் பலர் அந்தக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேளைகளில் குரல் கோப்புக்குள் பத்திரமாகவே இருக்கிறது. அதைப் படிக்கத்தான் அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையின் நோக்கம் அதை விளக்குவதே.

சாக்கும் சரக்கும்

தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. வீடியோவுக்கும் இவ்வாறே நடக்கிறது. பழைய தொலைக்காட்சித் தரத்தில் ஒரு மணி நேரப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 75 ஜிகாபைட் இடம் வேண்டும். அதைச் சுருக்கியே ஒரு வட்டிலோ தொலைபேசியிலோ வைக்கிறார்கள். இவ்வாறு சுருக்குவதற்கும் மீண்டும் விரிப்பதற்கும் உள்ள முறைக்குத்தான் ‘கோடெக்’ என்று பெயர். படத்துக்கு ஒரு கோடெக், ஒலிக்கு வேறொரு கோடெக். இரண்டும் தனித்தனி.

சுருக்கிய படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டி வைக்கும் சாக்குதான் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி., 3 ஜி.பி. என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் நாம் காண்பது. சாக்கின் மேலுள்ள எழுத்து உள்ளே இருக்கும் சரக்கை முழுமையாகச் சொல்லாது. இரண்டு எம்.பி.4 கோப்புகளில் ஒன்று வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும், மற்றது ஓடாது. காரணம், உள்ளே உள்ள கோடெக் வேறு. கோப்பின் பெயரை மட்டும் மாற்றி எழுதுவதும் பயன் தராது. தூள் தேயிலைச் சாக்கில் வேறு பெயர் எழுதினால் தூள் இலையாகிவிடாது.

இதிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. தேயிலையை மீண்டும் பச்சைக் கொழுந்தாக்க முடியாது. அவ்வாறே, சுருக்கும்போது இழந்ததைப் பின்னர் மீட்க முடியாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சிறிது தரம் குறையும். ஆகவே மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்க வேண்டாம். மாற்றுவதை எப்போதும் மூலத்திலிருந்தே செய்ய வேண்டும். மாற்றியதை மீண்டும் மாற்றக் கூடாது.

முதலில் நோயை அறிவோம்

மருந்து கொடுக்கும் முன் நோயை அறிய வேண்டும். இதற்கு வி.எல்.சி. என்ற இலவசச் செயலி உதவும். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் முயற்சியாக 1996இல் தொடங்கிய இது, பெரும்பாலான கோடெக்குகளைத் தானே படிக்கும். கணனியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் இயங்கும்.

தொலைக்காட்சியில் குரல் வராத கோப்பை வி.எல்.சி.யில் ஓட விடுங்கள். குரல் கேட்டால் கோப்பு நலமாகவே இருக்கிறது. தொலைக்காட்சிக்குத்தான் அந்தக் கோடெக் தெரியவில்லை. குரல் கேட்காவிட்டால், கணனியில் ‘டூல்ஸ்’ என்ற பகுதியில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் திறந்து பாருங்கள். அங்கே வீடியோ என்று ஒரு வரிசையும் ஓடியோ என்று ஒரு வரிசையும் இருக்க வேண்டும். ஓடியோ வரிசையே இல்லையென்றால், ஒலி பதிவாகவில்லை, அல்லது முன்னர் யாரோ மாற்றியபோது ஒலி விடுபட்டுவிட்டது. அப்போது மூலக் கோப்பைத் தேடிப் போக வேண்டும். எடுத்தவரின் தொலைபேசியில், அனுப்பியவரிடம், அல்லது நினைவட்டையில் அது இன்னும் இருக்கலாம்.

அடிக்கடி வரும் குறைகள்

1. படம் வருகிறது, குரல் வரவில்லை

டி.வி.டி.யிலிருந்து எடுத்த படங்களில் ஒலி பெரும்பாலும் ஏ.சி.3 என்ற முறையில் இருக்கும். சிலவற்றில் டி.டி.எஸ். இருக்கும். பல தொலைக்காட்சிப் பெட்டிகள் பென் டிரைவிலிருந்து வரும் இவ்வகை ஒலியைப் படிப்பதில்லை. பழைய கைத்தொலைபேசிகளின் 3 ஜி.பி. கோப்புகளில் உள்ள ஏ.எம்.ஆர். ஒலிக்கும் இதே கதி. தீர்வு, ஒலியை ஏ.ஏ.சி. முறைக்கு மாற்றுவது.

‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்து, ‘ஓடியோ’ பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ‘பாஸ்த்ரூ’ என்ற சொல் இருந்தால் கவனம். பழைய ஒலியை மாற்றாமல் அப்படியே தூக்கி வை என்பதே அதன் பொருள். அதை விட்டுவிட்டு எத்தனை முறை மாற்றினாலும் குரல் வராது. அந்த இடத்தில் ஏ.ஏ.சி. என்பதையும் ‘ஸ்டீரியோ’ என்பதையும் தெரிவுசெய்யுங்கள்.

வி.எல்.சி.யிலும் ‘மீடியா’ பகுதியில் உள்ள ‘கன்வர்ட் / சேவ்’ மூலம் மாற்றலாம். அங்கே ஒலிக்கான கட்டத்தில் அடையாளம் இடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அது இடப்படாவிட்டால் ஊமைப் படமே வெளிவரும்.

2. குரல் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது

இது மேற்கூறியதன் மறுபக்கம். புதிய தொலைபேசிகள் பல, இடத்தை மிச்சப்படுத்த எச்.265 என்ற முறையில் படம் எடுக்கின்றன. இது 2013இல் வந்த முறை. பழைய தொலைக்காட்சிகளும் கணனிகளும் 2003இல் வந்த எச்.264 முறையை மட்டுமே அறியும். ஹேண்ட்பிரேக்கில் ‘வீடியோ’ பகுதியில் எச்.264 என்று தெரிவுசெய்து மாற்றினால் போதும். தொலைபேசியின் கமரா அமைப்புகளில் எச்.264 முறையைத் தெரிவுசெய்ய வழியிருந்தால், அடுத்த முறை எடுக்கும்போதே இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்.

3. வாயும் குரலும் பொருந்தவில்லை

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு இடைவெளி இருக்கும். வி.எல்.சி.யில் பார்க்கும்போது ஜே, கே என்ற விசைகளை அழுத்தி ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஓர் அழுத்தத்துக்கு ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு நகரும். ஆனால் இது பார்க்கும் நேரத்துக்கு மட்டுமே, கோப்பு மாறாது.

இரண்டாம் வகையில், தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகும். இதுவே கைத்தொலைபேசிப் பதிவுகளில் அதிகம். வீடியோ என்பது ஒரு செக்கனுக்கு 25 அல்லது 30 நிலைப்படங்கள் ஓடுவது. லயத்து அறை போன்ற வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுக்கும்போது தொலைபேசி அந்த எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும். ஒலியோ ஒரே சீராக ஓடும். மாற்றும் செயலி படம் முழுவதும் ஒரே எண்ணிக்கைதான் என்று கணக்கிட்டுவிட்டால் இரண்டும் விலகும். சிறு பிழையும் சேர்ந்து பெரிதாகும். செக்கனுக்கு 30 படங்களை 29.97 என்று கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 செக்கன் பிந்திவிடும். ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தெரிவுசெய்து, எண்ணிக்கை 30 என்று கொடுங்கள். பழைய வீடியோ நாடாவிலிருந்து எடுத்ததாயின் 25 என்று கொடுங்கள். இலங்கையில் பயன்பட்ட பால் முறைக்கு அதுவே கணக்கு.

4. குரல் தடித்து இழுபடுகிறது, அல்லது கீச்சென்று ஓடுகிறது

ஒலியை எண்ணாக்கும்போது ஒரு செக்கனுக்கு எத்தனை முறை அளந்தார்கள் என்பது ஒரு கணக்கு. வீடியோ சீ.டி.யில் அது 44,100. டி.வி.டி.யில் 48,000. ஒன்றை மற்றதாகக் கொண்டால் குரல் சுமார் 9 சதவீதம் வேகம் மாறும். மூலக் கோப்பில் உள்ள எண்ணைப் பார்த்து, அதையே கொடுத்து மீண்டும் மாற்றினால் சரியாகும்.

5. ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி, அல்லது பேச்சு மெலிவாகவும் இசை பலமாகவும்

பழைய வீடியோ நாடாவை மாற்றும்போது வெள்ளை, சிவப்பு வயர்களில் ஒன்றை மட்டும் செருகியிருந்தால் ஒலி ஒரு பக்கத்தில் மட்டும் வரும். ஹேண்ட்பிரேக்கில் ‘மிக்ஸ்டவுன்’ என்ற இடத்தில் ஒலி உள்ள பக்கத்தை மட்டும் ‘மோனோ’வாக எடுத்தால் இரு பக்கமும் கேட்கும். டி.வி.டி. படங்களில் ஆறு வழிகளில் ஒலி இருக்கும். பேச்சு பெரும்பாலும் நடு வழியில் வரும். அதே இடத்தில் ‘ஸ்டீரியோ’ என்று கொடுத்தால் பேச்சும் இரு ஒலிபெருக்கிகளிலும் கலந்து வரும்.

6. குரல் தகரம்போல் ஒலிக்கிறது

பழைய கைத்தொலைபேசிகளின் ஏ.எம்.ஆர். முறை தொலைபேசி உரையாடலுக்காகச் செய்யப்பட்டது. சுமார் 3,400 ஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மேலுள்ள ஒலியை அது பதிவதே இல்லை. பதியாததை எந்தச் செயலியும் கொண்டுவராது. குரலை அழகாக்குவோம் என்று திரும்பத் திரும்ப மாற்றினால் உள்ளதும் கெடும். ஒரு முறை மட்டும் ஏ.ஏ.சி.க்கு மாற்றி, மூலத்தையும் பேணிக்கொள்ளுங்கள். பேசியவர் இன்று உயிரோடு இருந்தால், காலந்தாழ்த்தாமல் புதிய தொலைபேசியில் மீண்டும் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். அதைவிட நல்ல திருத்தம் இல்லை.

பழைய வீடியோ நாடாக்கள்

கலியாணம், திருவிழா என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த நாடாக்கள் இன்னும் சில வீடுகளில் உண்டு. மலைநாட்டின் ஈரலிப்பில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்த நாடாவை ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், ஓட்டியின் தலையும் அடைபடும். அனுபவம் உள்ளவரிடம் துப்புரவு செய்த பின்னரே ஓட்ட வேண்டும். இவ்வகை ஓட்டிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வேலைக்குக் காலம் குறைவு. நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்தால், எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் உள்ள எம்.பி.4 கோப்பாகத் தரும்படி கேளுங்கள். வாங்கும் முன் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்து ஒலியைச் சரிபார்க்கவும். நாடாவையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அனுப்புவதும் பேணுவதும்

வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்படும். ‘டொகியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் மூலம் அப்படியே போகும். 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் ஏறாது. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு மூலத்துக்கும் மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று தொலைபேசியில், ஒன்று பென் டிரைவில், மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம். மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு மண்சரிவு மூன்றையும் கொண்டுபோய்விடும். கோப்பின் பெயரில் பேசியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். எண்கள் மட்டும் உள்ள கோப்பை இருபது வருடத்தின் பின் யாராலும் அடையாளம் காண முடியாது.

குழுவாகக் கூடிச் செய்ய

1. உங்கள் குழுவில் யாருடைய தொலைபேசியில் ஒலி வராத வீடியோ உள்ளது? அதை வி.எல்.சி.யில் ஓட்டிப் பாருங்கள். அழிக்கும் முன் ஓடியோ வரிசை உள்ளதா என்று பாருங்கள்.

2. விட்டு வந்த இடத்தின் எல்லை, கிணறு, பாதை, பயிர் ஆகியவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் யார் யார்? அவர்களின் பேச்சு பதிவாகியுள்ளதா?

3. செயலிகளை இயக்கத் தெரிந்த ஓர் இளைஞரும் ஒரு யுவதியும் உங்களிடையே உண்டா? அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்க ஒரு நாளைக் குறியுங்கள்.

4. மூன்றாவது பிரதியை எந்த ஊரில், யாரிடம் வைப்பது என்று முடிவுசெய்யுங்கள்.