உயிரணுவினுள் ஒரு விகுதி

தமிழிலக்கணம் பயில்வார்க்கு விகுதியின் ஆற்றல் புதிதன்று. 'வந்தான்', 'வந்தாள்' என்னும் இரு சொற்களும் பகுதியானும் இடைநிலையானும் ஒன்றேயாயினும், ஈற்றெழுத்தொன்றே பாலை வேறுபடுத்தி விடுகின்றது. இத்தகையதொரு விகுதி நம் உடலின் உயிரணுக்களிலும் உண்டென விலங்கியல் பயிலும் நண்பரொருவர் உரைத்தபோது யான் நம்பவில்லை. பின்னர் நூல்களை நாடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

உயிரணு வெறுங் குழம்பன்று. மெல்லிய சவ்வுகளால் வகுக்கப்பட்ட அறைகள் பலவற்றை உடையது. புரதங்களோ பெரும்பாலும் அவ்வறைகட்குப் புறத்தேதான் ஆக்கப்படுகின்றன. அவை தத்தமக்குரிய அறையை எங்ஙனம் அடைகின்றன? ஒவ்வொரு புரதமும் தன் மேல்விலாசத்தைத் தன் உடலிலேயே தாங்கி நிற்கின்றது என்னும் கருத்தை, 1971-ஆம் ஆண்டில் குந்தர் பிளோபெல், டேவிட் சபாட்டினி என்னும் இருவரும் வெளியிட்டனர். பிளோபெல் 1999-இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது புரதத்தின் முதலில் நிற்கும் குறி. யாம் கூறப்புகுவது ஈற்றில் நிற்பது.

அதனைக் காட்டித் தந்தது மின்மினி. அப்பூச்சிக்கு ஒளி தரும் லூசிபெரேஸ் என்னும் புரதம் 550 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதன் உறைவிடம் பெராக்ஸிசோம் என்னும் சிற்றறை. கலிபோர்னியாவில் சுரேஷ் சுப்பிரமணியும் அவர்தம் துணைவரும் 1987-இல் இப்புரதத்தைக் குரங்கின் உயிரணுவில் ஆக்குவித்தனர். மின்மினியையே கண்டறியாத அவ்வுயிரணு, அதனைப் பிழையின்றித் தன் பெராக்ஸிசோமிற் கொண்டு சேர்த்தது! மாலையின் கடைசி மூன்று மணிகளாகிய ஸெரின், லைஸின், லியூஸின் என்பனவே குறியென்பது தெளிவாயிற்று. ஸெரின் நின்றவிடத்து அலனின் நிற்பினும், லைஸின் நின்றவிடத்து ஆர்ஜினின் நிற்பினும் குறி கெடுவதில்லை என்பதும் 1989-இற் புலப்பட்டது. இத்திரிபுகளை எண்ணுந்தோறும் எனக்குப் புணரியலே நினைவிற்கு வருகின்றது. அறிவியல் வகுப்பினர் பொறுத்தருள்க.

இக்குறியைப் படிப்பதும் ஒரு புரதமே. பெக்ஸ்-5 எனப்படும் அதன் வளைந்த உடலின் நடுவே ஒரு குழியுண்டு. அக்குழி மாலையின் முடிவையே பற்றும். லியூஸினுக்குப் பின் மற்றோர் அமிலத்தைக் கோத்துவிடின் அறியாது விட்டுவிடும். பற்றிய சுமையை அறையினுட் சேர்த்தபின், பெக்ஸ்-5 மீண்டு வந்து அடுத்ததை ஏற்கும்.

குறி பிழைபடின் விளைவது என்னை? நம் கல்லீரலிலுள்ள நொதியொன்று, 392 அமினோ அமிலங்களையுடையது, பெராக்ஸிசோமில் தங்கிக் கிளையாக்ஸிலேட் என்னும் பொருளைக் கிளைஸினாக மாற்றுகின்றது. மாறாதது ஆக்ஸலேட்டாகிச் சுண்ணத்தோடு கூடிச் சிறுநீரகத்திற் கல்லாகும். இந்நோயுற்றார் சிலரிடத்து நொதி ஓரளவு செயலுடையதாயிருந்தும் பயனில்லை. அஃது ஏன் என்பதை 1989-இல் இங்கிலாந்தில் டான்பியூர் என்பவரும் உடனுழைத்தோரும் கண்டனர்: நொதி மைட்டோகாண்டிரியா என்னும் வேறறையிற் புகுந்திருந்தது.

வியப்பு யாதெனின், ஈற்றுக்குறி சிறிதும் சிதையவில்லை. 11-ஆம் இடத்துப் புரோலின் லியூஸினாகத் திரிந்தமையால் முதலில் மற்றொரு குறி மெலிதாகத் தோன்றியது. அம்மாற்றம் நலமுடையார் பலரிடத்தும் உண்டு. தனித்துக் கேடு செய்யாது. ஆனால் 170-ஆம் இடத்துக் கிளைஸினும் ஆர்ஜினினாக மாறுமாயின், புரதம் மடிந்து உருக்கொள்வது தாமதமாகின்றது. மடிந்த புரதத்தையும் பெராக்ஸிசோம் ஏற்கும். மைட்டோகாண்டிரியாவோ விரிந்து கிடப்பதையே உள்ளிழுக்கும். ஆகவே மடியாது நின்ற சிறுபொழுதே வழி தவறப் போதுமாயிற்று.

முயலிடத்து இந்நொதி பெராக்ஸிசோமிலும், பூனையிடத்துப் பெரும்பாலும் மைட்டோகாண்டிரியாவிலும் உறைகின்றது. தழையுண்பதற்கும் ஊனுண்பதற்கும் ஏற்ப அமைந்ததென்பர். ஆகவே பூனைக்கு உரிய இடமே நம் குழந்தைக்குக் கேடாகின்றது. அம்மாற்றமுடைய நோயாளர் சிலர்க்குப் பி-6 உயிர்ச்சத்து நலந்தருகின்றது. ஆக்ஸலேட் மிகுதியைக் குறைக்கும் லூமாஸிரான் என்னும் மருந்து 2020-இல் ஒப்புதல் பெற்றது. அது நொதியை உரிய அறைக்குத் திருப்புவதன்று; கிளையாக்ஸிலேட் உண்டாவதையே குறைப்பது.