முதுகுவலிக்குத் தைலம் தேய்த்தே காலம் கடத்தாதீர்கள்!

எழுபது வயதுக்காரர், மகனின் தோளைப் பிடித்தபடி வருகிறார். பையில் பழைய எக்ஸ்ரே, வலி மாத்திரை அட்டைகள், பாதி தீர்ந்த தைல பாட்டில். "ஆறு மாசமா இடுப்பு வலி டாக்டர், வாயுன்னு நினைச்சோம்." ரத்தத்தில், புராஸ்டேட் சுரப்பியின் புரதமான பிஎஸ்ஏ அளவு நூற்றுக்கணக்கில் இருக்கிறது, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. இப்படி முற்றிய பிறகு வருபவர்களைத்தான் தொடர்ந்து பார்க்கிறேன்.

வயதானால் அப்படித்தானா?

இரவில் நாலைந்து முறை எழுவதும் சிறுநீர் மெல்லப் போவதும் பெரும்பாலும் சாதாரண புராஸ்டேட் வீக்கம்தான். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருந்துக் கடைக்காரர் அல்ல. சிறுநீர் அடைப்பால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை, நீங்களாக வாங்கிப் போடும் வலி மாத்திரை இன்னும் கெடுக்கும்.

வேண்டாத நம்பிக்கைகள்

"ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும்" என்று பயாப்சியைத் தள்ளிப்போடுகிறார்கள். பரவுவது தள்ளிப்போடுவதால்தான்.

"வைட்டமின் மாத்திரை காப்பாற்றும்" என்பார்கள். சுமார் 35,000 ஆண்களிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் தெரியவந்தது.

"விதையை எடுத்தால் ஆண்மை போய்விடும்" என்ற பயம் புரிகிறது. ஆசை குறையும், உடலில் திடீர்ச் சூடு பரவும்; மறைக்க மாட்டேன். ஆனால், ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி; விதையை எடுப்பது அந்தத் தீனியை நிறுத்தத்தான். 1941-இல் இதைக் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1966-இல் நோபல் பரிசு பெற்றார். ஹார்மோனைக் குறைக்கும் ஊசி செய்வதும் அதே வேலைதான். தொடர்ந்து ஊசி வாங்கப் பணமில்லாதவருக்கு அதற்குப் பதிலாக ஒரே ஒரு சிறு அறுவை சிகிச்சை போதும்.

எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது, "பிஎஸ்ஏ இறங்கிடுச்சு, ஊசியை நிறுத்திட்டோம்" என்னும்போது. இறங்கியதே ஊசியால்தான் ஐயா!

நிபுணர்கள் சொல்வது

பரவிய நோய்க்கு ஹார்மோனைக் குறைப்பது மட்டும் பெரும்பாலோருக்குப் போதாது. தொடக்கத்திலேயே அபிராடெரோன், என்சலூடமைடு போன்ற மாத்திரையைச் சேர்க்க வேண்டும்; உடல் தாங்குமென்றால் சிலருக்கு டோசிடாக்செல் கீமோவும் உண்டு. அபிராடெரோனை வெறும் வயிற்றில், பிரெட்னிசோலோன் துணையோடு, ரத்த அழுத்தத்தைக் கவனித்தபடி எடுக்க வேண்டும். நோய் சில இடங்களில் மட்டும் பரவியிருந்தால் புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சும் பலன் தரும். எலும்புக்கான ஜோலிட்ரானிக் ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பாருங்கள். பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. பிள்ளைகளும் ஆலோசனை பெற வேண்டும்.

கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதுகெலும்புக்குப் பரவிய நோயால் தண்டுவடம் நசுங்கியிருக்கும்போது தாமதித்தால், திரும்ப நடக்கவே முடியாமல் போகலாம்.

பரிசோதனைகள்

பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, பயாப்சி, எலும்பு ஸ்கேன் அல்லது பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஐம்பதைத் தாண்டிவிட்டீர்களா? பிஎஸ்ஏ பார்ப்பது பற்றி மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே பேசுங்கள். அம்மாக்களே, வெட்கப்பட்டு வாய் திறக்காத வீட்டுக்காரரை நீங்களாவது கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். தைலம் வாங்கும் காசில் பஸ் ஏறி வந்துவிடலாம்.