தனியாக ஒரு வார்த்தை

சென்ற மாதம் நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். பத்து வருடமாகப் பழகிய அன்பர் ஒருவர் என் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனார். அவருடைய மகன் புட்டிபோரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதமாக சஸ்பென்ஷன். சூப்பர்வைசரைக் கை ஓங்கினான் என்று குற்றச்சாட்டு. உள்விசாரணை நடக்கிறது. விசாரணை அதிகாரியாக நிர்வாகம் வெளியாள் ஒருவரை நியமித்திருக்கிறது. அந்த வெளியாள் ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஸார், நீங்க கேஸைப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம். நம்ம பையன், நல்ல குடும்பம்னு தனியா ஒரு வார்த்தை. அது போதும்" என்றார்.

முடியாது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காப்பியைக் குடிக்காமலேயே டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு கோயிலில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் விட்டு ஊர் வந்த நாம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத்தானே சங்கம் வைத்திருக்கிறோம், இந்த மனிதர் இப்படிச் செய்யலாமா என்று அவர் வீட்டில் பேசிக்கொண்டதாகவும் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல நான் ஏறக்குறைய முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். இதுவரை வீட்டைத் தாண்டி யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1981-ல் பி.டபிள்யூ.ஐ. பயிற்சிக்கு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன். ஆனால் பரீட்சை எழுதி உதவிப் பொறியாளர் ஆனதும் கேட்காமலே ஒரு வேலை தலையில் விழுந்தது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணை. 1968-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு. பெரிய தண்டனைக்குரிய குற்றம் என்றால் எஸ்.எஃப்-5 படிவத்தில் சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள். பிறகு ஒன்பதாம் விதிப்படி விசாரணை. சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, ஊழியருக்குத் துணையாக இன்னொரு ரயில்வே ஊழியரோ அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளரோ உட்காரலாம். விசாரணை அதிகாரி தண்டனை கொடுப்பதில்லை. குற்றச்சாட்டு நிரூபணமாயிற்றா இல்லையா என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார். தண்டனையைத் தீர்மானிப்பவர் அவருக்கு மேலே இருக்கும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி.

1996-ல் நான் இருந்த டிவிஷனில் ஒரு கீமேன் மேல் இப்படி ஒரு விசாரணை என்னிடம் வந்தது. கீமேன் வேலை என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. விடியற்காலையில் சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியும் டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு, தன் எல்லைக்குட்பட்ட தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். தளர்ந்த சாவியை அடித்து இறுக்க வேண்டும், கழன்ற போல்ட்டை முடுக்க வேண்டும், விரிசல் கண்டால் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் இதுதான். நாம் மேல் பெர்த்தில் நிம்மதியாகத் தூங்குவது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் நடப்பதால்தான்.

ஒரு நாள் டிராலியில் போன இன்ஸ்பெக்டர், ஒரு ஜாயிண்டில் இரண்டு போல்ட்டுகள் கழன்று கிடப்பதைப் பார்த்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் கீமேன் அன்று முழு எல்லையும் நடந்ததாகப் பதிவு. நடக்காமலேயே நடந்ததாகப் பொய்ப்பதிவு என்று சார்ஜ் ஷீட். விபத்து எதுவும் இல்லை. ஆனால் நடந்திருக்கலாம், அதை நானும் மறுக்கமாட்டேன்.

அந்தக் கீமேன் தமிழர். விழுப்புரம் பக்கம். அப்பா காலத்திலேயே கலாசி வேலைக்கு வடக்கே வந்த குடும்பம். விசாரணையில் அவர் வாயே திறக்கவில்லை. "தப்பு நடந்துபோச்சுங்க, மன்னிச்சிடுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கேங் மேட் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணை இல்லை.

இரண்டாவது அமர்வுக்கு முதல் நாள் மாலை, என் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் ஒரு பெண் நின்றாள். கீமேனின் மனைவி. கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. என் மனைவி உள்ளே அழைத்து உட்கார வைத்திருந்தாள். நான் வருவதற்குள் அவள் பாதி சொல்லி முடித்திருந்தாள். அன்று குழந்தைக்கு ஜுரம் வந்து இழுப்பு கண்டுவிட்டதாம். ரயில்வே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். மேட்டிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். "நீ போ, வேற ஆளை அனுப்பறேன், நோட்டுலயும் நான் எழுதிக்கறேன்" என்று சொன்ன அதே மேட்தான் இப்போது சாட்சி. ஒரே வரிசையில் குவார்ட்டர்ஸ், அவர் கீழேதான் நாளைக்கும் வேலை. எப்படிங்க எதிர்த்துப் பேசுவாரு என்றாள்.

இதையெல்லாம் இங்கே சொல்லக்கூடாது, விசாரணையில் உன் புருஷன் சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கீரையையும் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கோ ஏதோ நேர்மையின் சிகரத்தில் ஏறி நின்ற மாதிரி ஒரு நினைப்பு.

நான்கு நாள் கழித்து ஆபீஸ் போன் அடித்தது. தண்டனையைத் தீர்மானிக்க வேண்டிய அதிகாரியே பேசினார். அந்தக் கேஸ் எப்போது முடியும், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது, அந்த ஆளுக்கு ஏற்கெனவே இரண்டு தண்டனை ஆகியிருக்கிறது தெரியுமா, இழுக்க வேண்டாம் என்றார். சரி ஸார் என்றேன். பழைய தண்டனைகள் சார்ஜ் ஷீட்டில் இல்லை. கீமேனுக்கு அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் என் மனதில் அது போய் உட்கார்ந்துவிட்டது. வழக்கமான குற்றவாளி என்ற எண்ணத்தோடுதான் அறிக்கை எழுதினேன். நிரூபணமாயிற்று என்று எழுதினேன்.

பின்வாசலை அடைத்தவன் போனை வைக்கவில்லை. மேலதிகாரி பேசியதை "ஆபீஸ் விஷயம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1997-ல் கீமேன் வேலை நீக்கம் செய்யப்பட்டார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுப்பதானால் அதை ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவித்துப் பதில் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மைசூர் மாநிலத்து வழக்கொன்றில் 1963-லேயே சொல்லிவிட்டது. சிண்டிகேட் பாங்க் வழக்கில் 1991-ல், தண்டனை தீர்மானிப்பவர் தம் சொந்த அறிவால் தீர்மானிக்க வேண்டும், மேலிடம் சொன்னது என்று அப்படியே கையெழுத்துப் போடக்கூடாது என்றது. ஸ்டேட் பாங்க் வழக்கொன்றில் 1992-ல், ஊழியருக்குக் காட்டாத விஜிலன்ஸ் கமிஷன் சிபாரிசை வைத்துத் தண்டித்தது செல்லாது என்றது. அடுத்த வருடமே, விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து ஊழியரின் பதிலைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. எல்லாமே நான் அந்த அறிக்கையை எழுதுவதற்கு முன் வந்தவை.

மறுபக்கமும் உண்டு. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966-ல் 20-ஆம் விதி, தன் வேலை சம்பந்தமான விஷயத்துக்காக மேலதிகாரியிடம் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதே குற்றம் என்கிறது. நல்லெண்ணத்தில் நாம் சொல்லும் சிபாரிசு சில சமயம் அவன் மேலேயே இன்னொரு சார்ஜ் ஷீட்டாக வந்து விழும்.

தனியாகப் பேசுவதே எங்கும் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். தொழிற்தகராறில் சமரச அதிகாரி என்று ஒருவர் உண்டு. அவர் நிர்வாகத்தை ஓர் அறையிலும் சங்கத்தை ஓர் அறையிலும் உட்கார வைத்து, இங்கும் அங்கும் நடந்து பேசலாம். அவர் வேலையே அதுதான், ஏனென்றால் அவர் தீர்ப்பு எழுதுவதில்லை. சமரசம் முறிந்து தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் கதை வேறு. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் சமரச அதிகாரி வேறு, தீர்ப்பாயம் வேறுதான்.

எங்கள் மாப்பிள்ளை வக்கீல். பேச்சுவாக்கில் அவர் சொல்லி, அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைப் படித்தேன். அதைப் படித்த பிறகுதான் நான் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதும் முழுச் சரியல்ல என்று புரிந்தது.

1981 ஆகஸ்ட் 3 அன்று அந்நாட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 48 மணி நேரத்தில் திரும்பாவிட்டால் வேலை போகும் என்றார் ஜனாதிபதி ரீகன். 11,000 பேருக்கு மேல் வேலையிழந்தார்கள். அவர்களுடைய சங்கமான பேட்கோவின் அங்கீகாரத்தை ரத்து செய்வதா என்ற கேள்வி, அரசு ஊழியர் தொழிலுறவுகளுக்கான மூன்று உறுப்பினர் ஆணையத்தின் முன் வந்தது. அதில் ஓர் உறுப்பினர் லியான் ஆப்பிள்வைட். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே போக்குவரத்து அமைச்சர் அவருக்குப் போன் செய்து, சீக்கிரம் முடிய வேண்டும் என்றார். சீக்கிரம் வேண்டுமென்றால் முறைப்படி எழுத்தில் மனுப் போடுங்கள் என்று பதில் சொல்லிவிட்டார் ஆப்பிள்வைட். அமைச்சருக்கே! நான் "சரி ஸார்" என்றவன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே மனிதர் செப்டம்பர் 21 அன்று பழைய நண்பர் ஒருவரோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போனார். நண்பர் ஆல்பர்ட் ஷேங்கர், ஆசிரியர்கள் சங்கத்தின் தலைவர். சாப்பாடு முடியும் தறுவாயில் பேச்சு வேலைநிறுத்தத்துக்கு வந்தது. அந்தச் சங்கத்தைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டாம் என்றார் ஷேங்கர். அதிகாரத்துக்கு அசையாதவர் சிநேகிதத்தில் வழுக்கினார். விஷயம் வெளியே வந்து, மேல்முறையீட்டு நீதிமன்றம் தனி விசாரணையே வைத்தது. 1982-ல் தீர்ப்பு: அந்தப் பேச்சு முறையற்றது; ஆனால் முடிவை அது மாற்றவில்லை, ஆகவே முடிவு நிற்கும். சங்கம் அங்கீகாரத்தை இழந்தது. ஆப்பிள்வைட் வாக்களித்தது நண்பர் கேட்டதற்கு நேர் எதிராக.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விஷயம். அந்நாட்டுச் சட்டம் "பேசாதே" என்பதோடு நிற்கவில்லை. மீறி யாராவது பேசிவிட்டால், பேசியதன் சாரத்தைத் தீர்ப்புச் சொல்பவர் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும் என்கிறது.

அதை நானும் செய்திருக்கலாம். விசாரணையின் அன்றாடக் குறிப்பில் இரண்டு வரி போதும். "ஊழியரின் மனைவி வீட்டுக்கு வந்து இன்னது சொன்னார். இரு தரப்பும் விரும்பினால் இதுபற்றிச் சாட்சியம் தரலாம்." ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வரவழைத்திருக்கலாம். மேட்டை மறுபடி கூப்பிட்டு நோட்டில் யார் கையெழுத்து என்று கேட்டிருக்கலாம். போனில் வந்ததையும் அதே பக்கத்தில் எழுதியிருந்தால் என் உத்தியோகம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும், அவ்வளவுதான். காதில் விழுந்ததை விழாததுபோல் வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று மறந்தது, ஒன்று வேலை செய்தது.

கீமேன் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார். தண்டனை உத்தரவில் பழைய தண்டனைகளைக் குறிப்பிட்டிருந்ததால், அதைத் தெரிவிக்காமல் பயன்படுத்தியது தவறு என்று 2002-ல் உத்தரவு ரத்தாகி, வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குள் ஐந்து வருடம் ஓடிவிட்டது. மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு டீக்கடையில் சேர்ந்திருந்தான். போன் விஷயம் எந்தக் காகிதத்திலும் இல்லாததால் தீர்ப்பாயத்துக்குத் தெரியாது. அவரை ஒரு முறை பிளாட்பாரத்தில் பார்த்தேன். பழக்கத்தில் சலாம் வைத்தார். அன்றும் நான் அதைச் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு நம் அன்பர் வீட்டுக்கு நானே போனேன். பையனை உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னேன். சூப்பர்வைசர்தான் முதலில் தள்ளினார், பார்த்தவர்கள் இரண்டு பேர், மேலே காமிராவும் இருக்கிறது என்றான். விசாரணையில் சொன்னாயா என்றால் இல்லை. சொன்னால் அவர்கள் வேலையும் போகும் என்று பயம். மூவரும் உட்கார்ந்து மனு எழுதினோம். அந்த ஷிப்டின் காமிராப் பதிவும் ஷிப்ட் ரிஜிஸ்தரும் வேண்டும், அந்த இரண்டு பேரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று. விசாரணை அதிகாரிக்கு முகவரியிட்டு, அடியில் "நகல்: நிர்வாகத் தரப்புப் பிரதிநிதி" என்று எழுதினேன்.

"அவங்களுக்கு எதுக்கு ஸார் காப்பி? நம்ம கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோயிடுமே" என்றார் அன்பர்.

தெரியட்டும் என்றேன். இன்னும் அரை மனதாகத்தான் இருக்கிறார். ஆனால் இம்முறை காப்பி வந்தது, இருவரும் குடித்தோம்.

அடுத்த அமர்வு இம்மாதக் கடைசியில். விசாரணை அதிகாரியான என் பழைய சகாவிடமிருந்து நேற்று ஓர் அழைப்பிதழ் வந்திருக்கிறது. பேத்திக்கு ஆண்டு நிறைவு, குடும்பத்தோடு வர வேண்டும், சாப்பாடு உண்டு என்று. போகாததற்கு என்ன காரணம் சொல்வது என்று நானும் மனைவியும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.