டெர்பியில் ஓட ஒரு குதிரைக்கு என்ன தகுதி வேண்டும்?



நம்ம பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவது வந்தவன் எங்கே போவான்? ஜோனல் போவான். அங்கே ஜெயித்தால் மாவட்டம், அப்புறம் மாநிலம். இந்த வருஷம் ஜோனலில் கோட்டை விட்டாலும், அடுத்த வருஷம் போய் ஒரு கை பார்க்கலாம். குதிரைப் பந்தயமும் இப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டெர்பி என்கிற பந்தயத்தின் கணக்கே வேறு. இந்தியன் டெர்பியில் ஒரு குதிரை தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் ஓட முடியும். அந்த ஒரு நாள் தவறினால் தவறியதுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் தாய்மாமா கிண்டி ரேஸ் கோர்ஸில் பல வருஷம் சைஸாக வேலை பார்த்தவர். சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்துவிட்டு, தீனி வைத்து, அது படுத்த பிறகு தானும் படுக்கிறவர். பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு வந்தால் எங்களை விட்டுவிட்டுக் குதிரையைப் பற்றித்தான் பேசுவார்.

ஆசிரியர்கள் முகம் சுளிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பணம் கட்டுவதைப் பற்றிய கட்டுரை இல்லை. வாரக் கூலியை ரேஸில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர்கள் ராயபுரத்திலும் உண்டு, தண்டையார்பேட்டையிலும் உண்டு. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே கொண்டுவந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த போட்டிதான் என்று தீர்ப்பானது. தீர்ப்பு என்னவாக இருந்தாலும் எங்க அம்மாவுக்கு ரேஸ் என்ற சொல்லே ஆகாது. குதிரை என்றால் மட்டும் பிடிக்கும்!

டெர்பி முதலில் ஓடியது இங்கிலாந்தில், எப்சம் என்ற ஊரில், 1780-ல். டெர்பி பிரபு என்பவரின் பெயர்தான் பந்தயத்துக்கு வந்தது. இந்தியன் டெர்பி 1943-ல் தொடங்கியது. மும்பை மகாலட்சுமி மைதானத்தில் பிப்ரவரி மாதம் நடக்கும். தூரம் 2400 மீட்டர். 200 மீட்டர் டிராக் என்றால் 12 ரவுண்டு! நமக்கு நாக்குத் தள்ளிவிடும். குதிரை அதைச் சுமார் இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடும். 1777-லிருந்தே பந்தய மைதானமாக இருந்த நம்ம கிண்டிக்கும் சவுத் இந்தியா டெர்பி என்று ஒன்று உண்டு.

சரி, தகுதிக்கு வருவோம். முதல் தகுதி, பிறப்பு. மெரினாவில் நம்மை ஏற்றிக்கொண்டு ஓடுகிற குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் டெர்பி பக்கம் போக முடியாது. 'தரோபிரெட்' என்ற ஜாதிக் குதிரை மட்டும்தான் ஓடலாம். அதன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோர் பெயரும் 'ஸ்டட் புக்' என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பதிவேடு 1791-ல் வந்தது. உலகத்தில் உள்ள எல்லா தரோபிரெட் குதிரைகளின் தந்தை வழியும் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறதாம். இந்தியாவுக்கான பதிவேடு புனேயில் இருக்கிறது. குட்டி பிறந்தால் டிஎன்ஏ சோதனை செய்து, பெற்றோர் இவர்கள்தான் என்று உறுதி செய்வார்கள். கழுத்தில் சிறிய சிப் ஒன்றை ஊசியால் ஏற்றுவார்கள். பெயர்கூட இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஆங்கிலத்தில், இடைவெளியையும் சேர்த்து 18 எழுத்துக்குள் அடங்கணும்.

(இங்கே ஒரு சின்ன செய்தி: 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ராணுவத்துக்காகக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் நம்ம சென்னையில் வந்து இறங்கின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். கன்டெய்னர் லாரி வருவதற்கு முன்னால் நம்ம பக்கம் குதிரையும் சரக்குதான்!)

இரண்டாவது தகுதி, வயது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். எங்க தாத்தாவின் உண்மையான பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் எழுதிய தேதிதான் அவர் பிறந்த தேதி. பந்தயக் குதிரைகளுக்கும் அப்படித்தான். எந்த மாதம் பிறந்தாலும் நம்ம நாட்டில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் கடைசியில் ஒரு குட்டி பிறந்தால் என்ன ஆகும்? சில நாளிலேயே அதற்கு ஒரு வயது! தன்னைவிடப் பல மாதம் மூத்த குதிரைகளோடு போட்டி போடணும். அதனால் குட்டிகள் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறக்கும்படி பண்ணைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை பதினொரு மாதம் சினையாக இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

இந்தியன் டெர்பி நான்கு வயதுக் குதிரைகளுக்கு மட்டும். ஜனவரியில் நான்கு முடிந்தது, பிப்ரவரியில் டெர்பி. மூன்று வயதில் வர முடியாது, ஐந்திலும் முடியாது.

மூன்றாவது, பணம். குதிரை சின்னதாக இருக்கும்போதே, அது நன்றாக ஓடுமா என்று தெரிவதற்கு முன்பே, உரிமையாளர் பெயர் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம் சீட்டுக் கட்டுகிற மாதிரி தவணை தவணையாகக் கட்டிக்கொண்டே வரணும். ஒரு தவணையில் குதிரை சரிப்படாது என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம், ஆனால் கட்டின பணம் போனது போனதுதான். எப்சம் மாதிரி சில இடங்களில் கடைசி நேரத்தில் பெரிய தொகை கட்டி உள்ளே வரவும் வழி உண்டு, நம்ம பரீட்சைக்குத் தட்கலில் விண்ணப்பிக்கிற மாதிரி.

குதிரைகள் அதிகமாகி இடம் குறைவாக இருந்தால்? அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் 20 குதிரைக்குத்தான் இடம். அங்கே 2013-லிருந்து புள்ளி முறை இருக்கிறது. முன்னால் நடக்கும் குறிப்பிட்ட பந்தயங்களில் முதல் சில இடங்களுக்குப் புள்ளி கொடுத்து, அதிகம் வாங்கிய 20 குதிரைகளை எடுப்பார்கள். இதுதான் ஓரளவு நம்ம ஜோனல் முறைக்குப் பக்கத்தில் வருகிறது. 2022-ல் 'ரிச் ஸ்டிரைக்' என்ற குதிரை 21-வது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 1 மாதிரி! பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, கெடு முடிய இருந்த நேரத்தில் வேறொரு குதிரை விலகியது. ரிச் ஸ்டிரைக் உள்ளே வந்தது. யாருமே மதிக்காத அந்தக் குதிரைதான் மறுநாள் முதலாவது வந்தது.

சாதாரணப் பந்தயங்களில் நன்றாக ஓடும் குதிரைக்கு முதுகில் எடையைக் கூட்டி, எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கச் செய்வார்கள். டெர்பியில் அந்தச் சலுகை இல்லை. எல்லா ஆண் குதிரைக்கும் ஒரே எடை, பெண் குதிரைக்கு மட்டும் ஒன்றரை கிலோ குறைவு. ஜாக்கி ஒல்லியாக இருந்தால் சேணத்தில் ஈயத் தகடு வைப்பார்கள். நம்ம காசிமேட்டு பாக்ஸிங் அண்ணன்களுக்குத் தராசைக் கண்டால் இருக்கிற பயம் ஜாக்கிகளுக்கும் உண்டு. ஓடும் முன்பும் எடை, ஓடிய பின்பும் எடை.

இரும்புக் கூண்டு மாதிரி இருக்கும் ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள் அமைதியாக நிற்கப் பழகியிருக்கணும். மருந்துச் சோதனையும் உண்டு. பாசத்தில் ஒரு துண்டு சாக்லேட் ஊட்டினால்கூடச் சோதனையில் மாட்டும், அதில் உள்ள ஒரு பொருள் தடை செய்யப்பட்டது. அதனாலேயே மாமா லாயத்துப் பக்கம் எங்களை அண்டவே விட மாட்டார்.

பிறப்பு, வயது, பணம் எல்லாம் சரியாக இருந்த ஒரு பெண் குதிரை மாமா கையில் வளர்ந்தது. டெர்பிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காலைப் பயிற்சியில் முன்னங்கால் நரம்பு வீங்கிவிட்டது. காசிமேட்டில் மீனுக்கு வைக்கிற மாதிரி காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு மாமா ராத்திரி எல்லாம் உட்கார்ந்திருந்தாராம். கால் சரியாக நான்கு மாதம் ஆனது. அதற்குள் பிப்ரவரி போய்விட்டது. மனுஷனுக்கு அடுத்த வருஷம் உண்டு, அதற்கு இல்லை.

2024 செப்டம்பரில் அரசு கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தபோதும், மாமா முதலில் கேட்டது மூன்று வயதுக் குதிரைகளைப் பற்றித்தான். விவகாரம் நீதிமன்றம் போனது. நிலம் யாருக்கு என்று பெரியவர்கள் வருஷக்கணக்கில் வாதாடலாம். ஜனவரி 1 யாருக்காகவும் தள்ளிப்போகாதே!

அந்தப் பெண் குதிரையைப் பிறகு பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரு ஆண் குட்டி பிறந்ததாக மாமாவுக்கு போன் வந்தது. பிறந்தது மார்ச் மாதமாம். "அப்போ ஜனவரிக் குட்டிங்களவிட ரெண்டு மாசம் சின்னது" என்று உடனே கணக்குப் போட்டார்.